சர்வரை அணைத்த நவமி

எங்கள் கம்பெனியில் விஸ்வேஸ்வரனை யாரும் முழுப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மராத்திக்காரர்களுக்கு அவன் விஷு, எனக்கு விசு, முதலாளி மகன் சாகேத்துக்கு வெறும் கம்ப்யூட்டர்வாலா. கசார்வாடியில் பழைய மும்பை ரோட்டிலிருந்து உள்ளே திரும்புகிற சந்தில் இருக்கிறது எங்கள் பிரெஸ் ஷாப். கார் கதவுக்குள் போகிற தகட்டுத் துண்டுகளை அடித்துச் சாகனில் இருக்கிற கார் தொழிற்சாலைக்கு அனுப்புகிறோம். லாரியை அனுப்புவது என் பொறுப்பு. லாரி கேட்டைத் தாண்ட வேண்டுமானால் கம்ப்யூட்டரில் சலான் அடித்தாக வேண்டும், கம்ப்யூட்டர் என்றால் விசு. அதனால் அவன் கதையில் பாதி என் கதையும்தான்.

நான் கட்கியில் பிறந்தவள். அப்பா வெடிமருந்துத் தொழிற்சாலையில் இருந்தார். விசு கோயம்புத்தூரிலிருந்து வேலை தேடி வந்து, சாங்வியில் மனைவி அமலாவோடும் பிளஸ் டூ படிக்கிற மகளோடும் குடியிருக்கிறான். என் வீடு வழியில் தாபோடியில். அவன் ஸ்கூட்டரின் பின்சீட்டில்தான் நான் தினமும் வீடு திரும்புவது. மனிதன் பயந்த சுபாவம், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "உன்னைப் பயப்படறதுக்குன்னே சம்பளம் குடுத்து வெச்சிக்கினு கீறாங்க விசு" என்று நான் சீண்டுவேன். சிரிப்பான். கண் மட்டும் சிரிக்காது.

அவன் வேலை என்னவென்று எங்கள் கம்பெனியில் யாருக்கும் சரியாகத் தெரியாது. விளக்கு மினுக்குகிற எதுவானாலும் விசு. பிரிண்டரில் காகிதம் சிக்கினால் விசு. கேட்டில் கேமரா மங்கினால் விசு. அக்கவுண்ட்ஸ் தேஷ்முக் திங்கட்கிழமை தவறாமல் பாஸ்வேர்டை மறந்துவிடுவார், அதற்கும் விசு. சாகேத்தின் மனைவி போனில் போட்டோ வைக்க இடமில்லை என்று ஒருநாள் பாதிச் சாப்பாட்டில் எழுப்பிக்கொண்டு போனார்கள். தண்ணீர் சுத்தம் பண்ணுகிற மெஷினில் சிவப்பு விளக்கு எரிந்தபோதுகூட அவனைத்தான் கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்துச் சரிபண்ணிவிட்டுத்தான் வந்தான் அந்தப் பைத்தியக்காரன்.

இத்தனைக்கும் நடுவில் அவன் உயிரைப் பிடித்துக்கொண்டு காத்தது ஒன்றே ஒன்றைத்தான், மாடியில் இருக்கிற சர்வரை. பழைய சாமான் அறையைத் தடுத்து அதை வைத்திருக்கிறார்கள். மேலே ஒரு ஏசி, அதிலிருந்து சொட்டுகிற தண்ணீருக்குக் கீழே ஒரு பக்கெட். விசுவுக்கு முன்னால் இருந்தவர் வாங்கிப்போட்ட மெஷின் அது. ஆர்டர், இருப்பு, படங்கள், சம்பளம், என் சலான் எல்லாம் அதற்குள்தான். கரண்ட் போனாலும் பேட்டரியிலும் ஜெனரேட்டரிலும் ஓடிக்கொண்டே இருக்கும். பத்து வருஷமாக அதை யாரும் நிறுத்தவில்லை.

"ஓடற வரைக்கும் ஓடுங்கக்கா" என்று ஒருநாள் ஸ்கூட்டரில் போகும்போது சொன்னான். "உள்ள நாலு ஹார்ட் டிஸ்க் நிக்காம சுத்திட்டு இருக்குது. நிறுத்தி ஆறிப்போச்சுன்னா மறுபடி சுத்தும்னு யாருமே சொல்ல முடியாது. ஒண்ணு போனா மத்த மூணும் தாங்கிக்கும். ரெண்டு போனா முடிஞ்சுது."

"அதான் பேக்கப்பு எடுக்கிறியே?"

"எடுக்கறனுங்க. எடுத்து வீட்டுக்குக் கொண்டு போறேன். ஆனா அதுலருந்து எல்லாம் திரும்பி வருமான்னு போட்டுப் பாக்கோணும்னா இன்னொரு மெஷின் வேணும். அதைத்தான் தர மாட்டேங்கறாங்க."

புது மெஷின் கேட்டு எத்தனை முறை சாகேத்தின் கண்ணாடி அறைக்குள் போயிருப்பானோ தெரியாது. சாகேத் தலை நிமிராமல் கேட்பான்: "சல் ரஹா ஹை நா?" ஓடுகிறது என்று இவன் சொன்னால் பேச்சு முடிந்தது. ஓடவில்லை என்று சொல்கிற அன்றைக்கு இவன் வேலையும் முடிந்தது. முன்னால் இருந்தவரை அப்படித்தான் அனுப்பினார்கள், அரைநாள் மெயில் வரவில்லை என்பதற்காக. நாற்பத்தாறு வயதில் வெளியே போய் யாரிடம் நிற்பது என்பதுதான் விசுவின் வயிற்றில் எப்போதும் கிடக்கிற கல்.

இப்போது நானாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நானா பிங்களே, சாகேத்தின் அப்பா. ஒரே ஒரு லேத்தை வைத்துத் தொடங்கியவர். இப்போது வயதாகிவிட்டது, வேலையில் தலையிடுவதில்லை. ஆனால் கண்டே நவமி மட்டும் அவருடையது. நம்மூர் ஆயுத பூஜை விழுகிற அதே நாள்தான். அன்று ஷாப்பில் இருக்கிற ஒவ்வொரு மெஷினையும் நிறுத்தித் துடைத்து, செண்டுமல்லி மாலை போட்டு, குங்குமம் வைத்து, ஆரத்தி எடுப்பார். மறுநாள் தசரா முகூர்த்தம் வரை ஒரு மெஷினும் ஓடக்கூடாது. வருஷம் முழுக்க நமக்காக உழைக்கிறதே, ஒருநாள் மூச்சு வாங்கட்டும் என்பார். இந்த விஷயத்தில் அவரிடம் சாகேத்கூட வாய் திறக்க மாட்டான்.

சர்வருக்கும் இந்தச் சட்டம் உண்டு. விசு என்ன செய்தான் தெரியுமா, ஒவ்வொரு வருஷமும் சர்வரின் மானிட்டரை மட்டும் அணைத்துவிட்டு, மெஷின் மேல் ஒரு சிவப்புத் துணியைப் போர்த்தி, மாலையை மானிட்டருக்குப் போடுவான். நானா அந்தக் கறுத்த திரைக்கு ஆரத்தி காட்டிவிட்டுத் திருப்தியாக இறங்கிப் போவார். ஏசி இரைச்சலில் மற்ற இரைச்சல் கேட்காது. சாமிக்குத் தெரிந்தால் போதும் என்று நானும் பேசாமல் தேங்காய் மூடியை வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன்.

போன நவமிக்கு முந்தின வாரம் சாகேத்தின் மேஜையில் இருந்த மானிட்டர் கெட்டுப்போனது. அவன் ஆளை அனுப்பிச் சர்வர் அறையில் இருந்ததைக் கழற்றிக்கொண்டு போனான். "அங்க யாரு பாக்கப்போறா" என்றானாம். அங்கே போய்ப் பார்க்கிற ஒரே ஆளை அவன் கணக்கில் எடுக்கவில்லை. நவமியன்று காலையில்தான் விசுவுக்கு உறைத்தது. அணைத்துக்காட்ட மானிட்டர் இல்லை. சிவப்புத் துணியை இழுத்து இழுத்துப் போர்த்தினான். ஏசியோ அன்றைக்கென்று பார்த்து நின்றுபோயிருந்தது.

ஆரத்தித் தட்டோடு நானா உள்ளே வந்தார். பின்னால் சாகேத், பிரசாதத் தட்டோடு நான். அறையில் மெஷின் விசிறிகளின் சத்தம் மட்டும் கேட்டது. நானா தலையைச் சாய்த்துக் கேட்டார். கிட்டே போய்த் துணியைத் தூக்கினார். உள்ளே நாலு பச்சை விளக்கு மினுக் மினுக்கென்று எரிந்தது.

"ஹே சாலூ ஆஹே" என்றார். ஓடுகிறதே என்று அவர் சொன்ன குரலில் கோபமில்லை. வீட்டு விசேஷத்தில் ஒருவருக்கு மட்டும் இலை போடாமல் விட்டதைக் கண்டுபிடித்த வருத்தம்தான் இருந்தது.

விசு மராத்தியும் இந்தியுமாகக் கலந்து அடித்தான். இது அந்த மாதிரி மெஷின் இல்லை, நிறுத்தினால் திரும்ப வராமல் போகலாம். நானா பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஓய்வே கொடுக்காவிட்டால் எதுதான் பிழைக்கும், நிறுத்து என்றார். விசு சாகேத்தைப் பார்த்தான். எனக்குத் தெரிந்து சாகேத்தின் முகத்தில் பயத்தை அன்றைக்குத்தான் முதலில் கண்டேன். "நஹீ ஆயா தோ?" என்று கேட்டான்.

"வரலைன்னா புது மெஷின் வாங்கி, பேக்கப்பை அதுல ஏத்தணும் சார். ஒரு வாரம் ஆகலாம். ஏறாமலும் போகலாம்" என்று விசு இந்தியில் சொன்னான்.

ஒரு வாரம் சரக்கு போகாவிட்டால் சாகனில் எங்களுக்குக் கதவைச் சாத்திவிடுவார்கள். சாகேத் வெளியே போய் அங்கேயே நின்று சப்ளையருக்குப் போன் போட்டான். நாளைக்கே ஒரு புது மெஷினை எடுத்து வையுங்கள் என்றான். இத்தனை வருஷம் விசு கெஞ்சியும் நடக்காதது அந்த ஒரு நிமிஷத்தில் நடந்தது. ஆனால் அப்பாவை மறுக்க மட்டும் அவனுக்கு நாக்கு வரவில்லை.

மற்ற மெஷின்களுக்கு ஆரத்தி முடிகிற வரை விசுவுக்கு அவகாசம் கிடைத்தது. பையிலிருந்து பேக்கப் டிஸ்க்கை எடுத்து அவசர அவசரமாகக் கடைசியாக ஒரு பிரதி எடுத்தான். ஒரே டிஸ்க்தான், பழைய பிரதியின் மேலேயே புதியதை எழுத வேண்டும். பிறகு மடிக்கணினியில் ஏதோ தட்டினான். விசிறிச் சத்தம் மெல்லக் குறைந்து நின்றது, பச்சை விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. நானா குங்குமம் இட்டு, பூ வைத்து, மெஷினைத் தட்டிக்கொடுத்தார். விசு சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். சாவு வீட்டில்தான் அப்படி நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மத்தியானம் சாங்வியில் அவர்கள் வீட்டுக்குச் சுண்டலுக்குப் போனேன். வருஷா வருஷம் அமலா சரஸ்வதி பூஜைக்குக் கூப்பிடுவாள். விசு ஹாலில் சோபா விளிம்பில் போனைக் கையில் வைத்தபடி உட்கார்ந்திருந்தான்.

"இன்னா விசு, இன்னிக்காவது போன் அடிக்காம கீதே. நிம்மதியா படேன்" என்றேன்.

"அதாங்கக்கா பயமா இருக்குது" என்றான். "மணிக்கொருக்கா நல்லாருக்கேன்னு சர்வர் இதுக்கு ஒரு மெசேஜ் அனுப்பும். நான் வேலைக்குச் சேர்ந்ததுல இருந்து அது வராத நாள் இல்லை. இன்னிக்கு ஒண்ணுமே வரலை. வராதுன்னு தெரியுது, ஆனாலும் எடுத்து எடுத்துப் பாக்கறேன்."

அமலா சமையலறையிலிருந்து வந்தாள். "வந்ததுல இருந்து இப்படித்தாங்கக்கா. ஒருவாய் சாப்பிடலை. அது சாகலைங்க, தூங்குதுன்னு நினைச்சுக்கோங்கன்னு சொல்லிப் பாத்துட்டேன்."

"அந்த பேக்கப்பையாவது ஒருதரம் பாத்துக்கறேன்" என்று விசு எழுந்தான். "அமலா, என்ற பை எங்கே?"

"பைல இருந்ததைப் பூஜையில வெச்சிருக்கேன்" என்றாள் அமலா. "நீங்க வந்து குளிக்கப் போனப்பவே எடுத்து வெச்சுட்டேன். விஜயதசமி காலைல வரைக்கும் தொடக்கூடாதுங்க."

பூஜை அலமாரியைப் பார்த்தேன். மகளின் புத்தகங்கள், அவற்றின் மேல் விசுவின் மடிக்கணினி, அதன் மேல் உள்ளங்கை அளவு கறுப்புப் பெட்டி. அதுதான் பேக்கப் டிஸ்க். அமலா எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் இல்லை. நாலு பக்கமும் ஈரச் சந்தனம் தடவி, நடுவில் குங்குமம் வைத்து, உதிரிப்பூ தூவியிருந்தாள். வயர் சொருகுகிற துவாரம் இருக்கிற பக்கத்துக்கும் நன்றாக அழுத்தி ஒரு பொட்டு வைத்திருந்தாள்.

விசு அதை எடுத்து முகத்துக்கு நேராகப் பிடித்தான். துவாரம் முழுக்கச் சந்தனம். திட்டுவான் என்று நினைத்தேன், திட்டவில்லை. "தண்ணி விட்டுக் குழைச்சியா, பன்னீரா?" என்று மட்டும் மெதுவாகக் கேட்டான்.

"பன்னீர்" என்றாள் அமலா. அவன் முகத்தைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்துவிட்டது. "என்னங்க, ஏதாவது ஆயிருமா? உங்க வேலைக்கு நல்லதுன்னுதானே வெச்சேன்."

அங்கே மெஷின் அணைந்து கிடக்கிறது, இங்கே அதன் உயிர் சந்தனத்துக்குள் கிடக்கிறது. விசு தரையில் உட்கார்ந்தான். அமலா தன் வளையலில் கோத்திருந்த ஊக்கைக் கழற்றிக் கொடுத்தாள். பூஜைப் பொருளைத் தொடக்கூடாது என்று அவள் சொல்லவில்லை. அவன் ஊக்கு முனையால் துவாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டினான். நான் போன் வெளிச்சத்தைக் காட்டினேன். அமலா காய்ந்த துணியோடு பக்கத்தில் உட்கார்ந்து சத்தம் வராமல் அழுதுகொண்டிருந்தாள். சுரண்டி முடித்ததும் செருகிப் பார்க்கட்டுமா என்று கேட்டான், தனக்குத்தானே. ஈரம் உள்ளே இருக்கும்போது செருகினால் மொத்தமாகக் கருகிவிடும், காய விட வேண்டும் என்று தானே பதிலும் சொல்லிக்கொண்டான். டிஸ்க்கை அரிசி டப்பாவுக்குள் புதைத்து மூடி வைத்தான். சுண்டலை நான் அங்கே சாப்பிடவில்லை, கட்டிக் கொடுத்தாள்.

தசரா காலையில் ஷாப் முழுக்க ஆட்கள். முகூர்த்தத்துக்கு ஒவ்வொரு பிரெஸ்ஸும் ஒருமுறை இறங்கி ஏறும், முதல் லாரி தேங்காய் உடைத்துக் கிளம்பும். நானாவின் வழக்கம் அது. லாரி கேட்டருகே மாலையோடு நின்றது. சலான் இல்லாமல் அது நகராது. விசு காய்ந்த முகத்தோடு வந்தான். டிஸ்க்கை அரிசியிலிருந்து எடுத்துப் பைக்குள் வைத்திருந்தான், இன்னும் செருகிப் பார்க்கத் துணிச்சல் வரவில்லை. சாகேத்தின் மானிட்டரைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு வந்தார்கள். சாகேத் போனைக் கையில் பிடித்தபடி வாசலில் நின்றான்.

பொத்தானை நானாவே அழுத்தினார். ஒன்றும் ஆகவில்லை.

விசு கண்ணை மூடிக்கொண்டான். பிறகு உள்ளே எங்கோ ஒரு கிளிக் சத்தம். விசிறிகள் ஒரேயடியாக ஊளையிட்டு எழுந்தன. "ஷ்வாஸ் கேத்லா" என்று நானா கை தட்டினார், மூச்சு விட்டுவிட்டதாம். விசு கை தட்டவில்லை. விளக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். முதலாவது பச்சை. இரண்டாவது பச்சை. மூன்றாவது ஆரஞ்சு நிறத்தில் எரிந்தது. நாலாவது அணைந்தே கிடந்தது, வெகுநேரம் அணைந்தே கிடந்தது, கடைசியில் திக்கித்திக்கிப் பச்சையானது. திரையில் ஏதோ எழுத்து வந்து நின்றது.

"இன்னா கேக்குது?" என்றேன்.

"ஒரு டிஸ்க் செத்துப்போச்சு, அது இல்லாமயே போலாமான்னு கேக்குதுங்க" என்றான். விரலை வைத்தான், எடுத்தான், மறுபடி வைத்து அழுத்தினான்.

கீழே ஓடிப்போய் என் சீட்டில் உட்கார்ந்தேன். திரை வெகுநேரம் வெள்ளையாக இருந்தது. அப்புறம் என் சலான் பக்கம் திறந்தது. அச்சடித்துக் கையில் பிடித்தபோது அழுகை வந்துவிட்டது, வெட்கமில்லாமல் அழுதேன். லாரி கேட்டைத் தாண்டியது. எல்லோரும் தசரா வழக்கப்படி ஒருவருக்கொருவர் ஆப்டா இலையைத் தங்கம் என்று சொல்லிக் கொடுத்துக் கட்டிக்கொண்டார்கள். நானும் ஒரு பிடி இலையோடு மாடிக்குப் போனேன்.

சாகேத் போனில் பேசிக்கொண்டிருந்தான். புது மெஷின் வேண்டாம், பழையதே வந்துவிட்டது, ஆர்டரை ரத்து பண்ணிவிடுங்கள் என்று சிரித்துக்கொண்டே சொன்னான். விசு அவன் முன்னால் போய் நின்று அந்த ஆரஞ்சு விளக்கைக் காட்டினான். "ஒண்ணு செத்துடுச்சு சார். இன்னொண்ணு சாகப்போகுது. அடுத்த தடவை நிறுத்தினா வராது" என்று இந்தியில் சொன்னான். நேற்றும் இதையேதான் சொன்னாய் என்று சாகேத் அவன் தோளில் தட்டினான். ரொம்ப அன்பாகத்தான் தட்டினான்.

நானா அந்த விளக்கைக் குனிந்து பார்த்தார். அதுவும் தசராவுக்குக் குங்குமம் இட்டுக்கொண்டிருக்கிறது என்றார். கூட நின்றவர்கள் சிரித்தார்கள். பிறகு அவர் விசுவின் கையில் இலையை வைத்து அழுத்தி, எவ்வளவு தெளிவாக எழுந்தது பார்த்தாயா, ஒருநாள் ஓய்வுக்கே இப்படி என்றார். பாவம், இத்தனை வருஷமாக இதை மட்டும் ஏமாற்றி வேலை வாங்கியிருக்கிறோம், இனிமேல் அமாவாசைக்கு அமாவாசை இதற்கு ஓய்வு, வருகிற தீபாவளி அமாவாசை லட்சுமி பூஜையிலிருந்தே தொடங்கிவிடலாம் என்றார். சாகேத் தலையாட்டினான். யாரும் மறுக்கவில்லை. விசு கையிலிருந்த இலையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

எல்லோரும் ஜிலேபிக்கு இறங்கிப் போனார்கள். விசு பக்கெட்டுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தான். அவன் போன் அடித்தது. அமலா.

"வந்துருச்சு" என்றான். மறுபக்கம் அவள் ஓவென்று அழுவது எனக்கே கேட்டது. சந்தன டிஸ்க் தேவைப்பட்டதா என்று கேட்டாள் போலிருக்கிறது. "இல்லை, தேவைப்படலை. ஒண்ணும் ஆகலை. நீ சாப்பிடு. சாப்பிட்டுப் படு" என்று சொல்லிப் போனை வைத்தான்.

"அமாவாசையைச் சொல்லலியா விசு?" என்று கேட்டேன்.

"வேண்டாங்கக்கா" என்றான். "ராத்திரி பூரா அரிசி டப்பா பக்கத்துலயே உக்காந்திருந்தா. இன்னிக்கு அவளாவது தூங்கட்டும்."